முதலில் தட்டாத கதவு

2003-ம் வருடக் கோடை. புனேயில் போபோடி பக்கம் குடியிருந்தோம். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால், கட்கி கடைத்தெருவில் ஒரு மேஜை போட்டு சாவி செய்துகொண்டிருந்தேன். ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் பூட்டு வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் சான்றிதழ் வேண்டுமாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன்.

நான் ஊரில் ஐந்தாவது வரைதான் படித்தவன். பாடமெல்லாம் இந்தியில். எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் திறந்துவிடுவேன். பேசச் சொன்னால்தான் கஷ்டம். மாஸ்டர் வாராவாரம் ஒன்றையே சொல்வார்: வீட்டைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, நம்மைக் கூட்டி வந்தவர் அந்த வீட்டுக்காரர்தானா என்று கேட்க வேண்டும். எனக்கு அது மட்டும் வரவே இல்லை. நல்ல சட்டை போட்ட மனிதரை நிற்க வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது?

பரீட்சையில் பாஸாகிவிட்டேன். என் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தால் சான்றிதழ் தருவார்கள். அதற்குக் காத்திருந்த வாரத்தில்தான் இது நடந்தது.

மத்தியானம் ஒருவர் வந்தார். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்றார். கூடப் போனேன். பழைய கட்டடம், இரண்டாவது மாடி. கதவில் புதுப் பூட்டு. எதுவும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் திறந்தேன். உள்ளே ஒரே இருட்டு. அவர் லைட் சுவிட்சைத் தேடி இந்தச் சுவரைத் தடவினார், அந்தச் சுவரைத் தடவினார். சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது.

சொந்த வீட்டில் யாராவது சுவிட்சைத் தேடுவார்களா? அவரோ, பீரோவையும் திற என்றார். வேறு அரம் வேண்டும், கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லி வெளியே வந்தேன். அப்படியே ஓடிப்போயிருக்கலாம். ஒரு படி இறங்கியும் விட்டேன். பிறகு எப்படியோ திரும்பி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஒரு அம்மாள் வந்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதும் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். அந்த வீட்டுப் பெண்ணோடு வீட்டுப் பத்திரத்துக்காகச் சண்டை போடும் மைத்துனனாம் அவன். என்னை இடித்துத் தள்ளிவிட்டு இறங்கி ஓடிவிட்டான். கூடிய கூட்டத்துக்கு அகப்பட்டது நான்தான். கையில் கம்பியும் அரமும் வேறு.

“அவன அனுப்பிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறான் பாரு” என்று ஒருவர் காலரைப் பிடித்தார். போலீஸைக் கூப்பிடு என்றார்கள். கேஸ் ஆனால் சான்றிதழ் போய்விடும், வேலையும் போய்விடும்.

அந்த வீட்டுப் பெண் ஒரு நர்ஸ். ஆள் போய்க் கூட்டி வந்தார்கள். பீரோவை இழுத்துப் பார்த்தார், பூட்டியபடிதான் இருந்தது. என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது யார் என்று மட்டும் கேட்டார்.

“யாரும் பிடிக்கல. அவனாத்தான் வந்து தட்டினான்” என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். மராத்தியில் அண்ணனை அழைப்பதுபோல ‘பாவூ’ என்று கூப்பிட்டுச் சொன்னார்: “தட்டத் தெரியுதுல்ல, பாவூ. மொதல்லயே தட்டியிருந்தா என்ன?”

போலீஸ் வேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினார். என் கையாலேயே புதுப் பூட்டு மாட்டச் சொன்னார். மாட்டி, சாவிகளை அவர் கையில் கொடுத்தேன்.

சான்றிதழ் வந்தது, வேலையும் கிடைத்தது. லீவு நாட்களில் இப்போதும் வீடு திறக்கக் கூப்பிடுகிறார்கள். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவர், என்னைத் திருடன் என்று நினைத்தாயா என்று திட்டிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கேட்டதற்காக வாங்கிய திட்டு எல்லாவற்றையும் சேர்த்தாலும், கேட்காமல் திறந்த அந்த ஒரு வீட்டுக்கு அது ஈடாகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.