நகக்கண் அளவு பெயின்ட்

அந்த வீட்டில் அவளுக்கு டிகிரி என்று பெயர். வைத்தது அண்ணன். குடும்பத்தில் அவளுக்கு முன்னால் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் பட்டம் வாங்கிய அன்றே சொந்தப் பெயர் பரணுக்குப் போய்விட்டது. டிகிரி சாப்பிட்டாச்சா, டிகிரி அந்த பல்பைக் கொஞ்சம் பாரு என்றுதான் பேச்சு. மற்றவர்கள் கூப்பிட்டால் அது கேலி. அண்ணன் கூப்பிட்டால் அதில் ஒரு சிட்டிகை பெருமையும் இருக்கும். அந்தப் பெருமைதான் அவளைக் குத்தும்.

அவளுக்கு வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க அடிபட்ட கார்களின் போட்டோக்களைப் பார்க்க வேண்டும். இந்தக் கீறல் புதிதா, முன்பே இருந்ததா, சொந்தக்காரர் சொல்லும் கதைக்கும் நசுங்கலுக்கும் பொருத்தம் உண்டா என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கிற உத்தியோகம் என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் வேறு உத்தியோகம். பிரமோஷன் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று வீட்டில் நம்பினார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் நம்பியதை மறுக்கவும் இல்லை. அண்ணன் டீவி சத்தத்தைக் குறைத்து வைப்பான். அண்ணி மட்டும் ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "படிச்சா தலை சூடாகும்னு கேள்விப்பட்டிருக்கேன். தின்னர் வாசனை வருமா?" நகச்சாயம் என்று சமாளித்தாள். அண்ணி அவளுடைய சாயமே படாத நகங்களைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் போனது பெரிய மனசு.

மேசையில் இருந்தது ஒரு கார். விரித்த கையை விடக் கொஞ்சம் நீளம். நிஜக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. டிராக் ரேஸ் என்கிற நேர்கோட்டுப் பந்தயத்துக்கான கார் அது. அந்தப் பந்தயத்தில் வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேர்கோட்டில் சீறிப் பாயும். பார்ப்பவர் மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். அதற்காக மாதக்கணக்கில் எண்ணெயில் குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் அவர்களில் ஒருவன்.

பெட்டியில் பாகம் பாகமாக வந்த கார் என்னவோ சாதுவானதுதான், குடும்பத்தோடு கடைக்குப் போகிற இரண்டு கதவு வண்டி. அவள்தான் அதை அறுத்து, தேய்த்து, ரவுடியாக்கினாள். பின்சக்கரம் குண்டாக வேண்டுமென்று இரண்டு டயர்களை வெட்டி ஒன்றாக ஒட்டினாள். சீறும்போது முன்பக்கம் தூக்கிக் கவிழாமலிருக்க வால் போல நீளும் சட்டத்தைப் பித்தளைக் குழாயில் வளைத்தாள். ஸ்பார்க் பிளக் ஒயருக்காக வீட்டிலிருந்த பழைய சார்ஜர்களெல்லாம் குடலை இழந்தன. வண்டியை நிறுத்தும் பாரசூட்டின் பை, பசைத்தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பர். அண்ணனின் நிஜக் காரில் இருப்பது போலவே கதவில் வெள்ளையாக இரண்டு வரி இருக்க வேண்டும். மேலே அண்ணன் பெயர், அடியில் சற்றுச் சின்னதாக, "எஞ்சின்: புகை". நாலைந்து மயிர் மட்டும் விட்டுவைத்த பிரஷ்ஷால் அதை எழுதும்போது மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விட்டாள்.

நிஜக் கார் வீட்டின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அண்ணன் பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பவன். வாரம் முழுக்க வண்டியை நிறுத்தற வேலை, ஒருநாளாவது ஓட்டற ஆசை வராதா என்பான். கூட்டாளி புகை, டயர் கடைக்காரன். பந்தயத்துக்கு முன் டயர் சூடேறுவதற்காக நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு ஊரையே மூடுகிற மாதிரி புகை எழுப்புவதில் அவன் மன்னன். அந்தப் பெயர் அப்படி வந்தது. பழைய கார் ஒன்றைப் பிடித்து, இருவரும் ஞாயிறு ஞாயிறாக அதற்கு உயிர் கொடுத்தார்கள். எல்லாம் கூடி வந்து, இனி ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி என்றிருந்தபோது எஞ்சின் போயிற்று.

எஞ்சினில் சத்தம் சரியில்லை, வேறு போடணும் என்றுதான் அண்ணன் அவளிடம் சொன்னான். அவள் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். நம்பினாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அண்ணிதான் வாய் தவறிச் சொன்னாள், அந்த எஞ்சின்தான் அவளுக்குக் கடைசி வருஷ ஃபீஸ் கட்டியது என்று. முதல் சம்பளத்தோடு போய், எஞ்சின் வாங்கலாமா என்று கேட்டதற்கு அண்ணன் சிரித்தான். அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு, டிகிரி என்றான். அதற்கு மேல் அவளுக்கு வாதாடத் தெரியவில்லை. அதனால் இந்தச் சின்னக் கார். எஞ்சினைத் தின்றுவிட்டுப் பொம்மையைக் கொடுக்கிறோமே என்று சில சமயம் அவளுக்கே வெட்கமாக இருக்கும். இருந்தாலும் பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஒயர்கூட விடுபடாத எஞ்சின் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்தாள்.

சிக்கல் நிறத்தில் வந்தது. அண்ணனும் புகையும் மிச்சம் மீதி டப்பாக்களையெல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கிய பெயின்ட் அது. வெயிலில் கத்திரிக்காய், நிழலில் கறுப்பு. போட்டோவுக்குப் போட்டோ வேறு நிறம் காட்டியது. எத்தனை விதமாகக் கலந்து பார்த்தும் பிடிபடவில்லை. கதவின் அடிவிளிம்பில், குனிந்தாலும் தெரியாத இடத்தில், நகக்கண் அளவு பெயின்ட் பெயர்த்தெடுத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நிறம் பொருந்த வேண்டும் என்ற வெறி தலைக்கேறியவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஒரு சனிக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, கொடியில் கிடந்த அண்ணன் சட்டையின் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

பூச்சு மேல் பூச்சு ஏறிய பெயின்ட். கத்தி நுனி பட்டதும் உதட்டுத்தோல் உரிகிற மாதிரி மேல்நோக்கிக் கிழித்துக்கொண்டு வந்தது. விரல் நீளத்துக்கு அடிப்பூச்சு பல்லிளித்தது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, துண்டுப் பெயின்டைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு வந்துவிட்டாள். இதே படம் ஆபீஸுக்கு வந்திருந்தால் ஒரே வரியில் எழுதி அனுப்பியிருப்பாள்: கூரான கருவி, வேண்டுமென்றே செய்தது.

மறுநாள் காலை புகை வந்து, அண்ணனிடம் இரவல் வாங்கியிருந்த ஜாக்கியைக் கொட்டகையில் வைத்துவிட்டு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் இருவருக்கும் டீ எடுத்துப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய் பாதி விலகியிருந்தது; அண்ணன் கதவடியில் குந்தியிருந்தான்.

"ஓடாத வண்டிதானேன்னு ஜாக்கியைப் போட்டு இழுத்தியா?"

தான் இல்லை என்றான் புகை. சாவி உன்கிட்டயும் என்கிட்டயும்தானே இருக்கு என்றான் அண்ணன். புகை தன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கருவிப்பெட்டி மேல் வைத்தான்.

"இப்ப உன்கிட்ட மட்டும்தான்."

அவளைத் தாண்டிப் போகும்போது, வரேம்மா என்று தலையசைத்துவிட்டுப் போனான். அவள் இரண்டு டம்ளரையும் ஏந்திக்கொண்டு நின்றாள். அண்ணன் தன் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். புகையின் டீயை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்று அவளே குடித்தாள். செய்ததிலெல்லாம் மட்டமானது எது என்று கேட்டால், கத்தி வைத்ததை அல்ல, அந்த டீயைக் குடித்ததைத்தான் அவள் சொல்லுவாள்.

கார் முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டு, உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அதுவரை கெடாது என்று நினைத்தாள். நிறம் அச்சாகப் பொருந்தியது. கிழிந்த துண்டைப் பக்கத்தில் வைத்தால் எது எதென்று தெரியாது. அதன்பிறகு வேலை ஊர்ந்தது. மின்னிய இடத்தை மறுபடி தேய்த்தாள். தேய்த்ததை மறுபடி பூசினாள். பூசியது காயட்டும் என்று காத்திருந்தாள். நேர்த்திக்காகத்தான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். முடிந்தால் சொல்ல வேண்டுமே என்றுதான் முடிக்காமலிருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாமலில்லை. பொய்யைப் பிடிக்கிற உத்தியோகமாயிற்றே.

ஞாயிறுகளில் புகை வருவது நின்றது. அவனுக்கென்று எடுத்துவைத்த டம்ளரை அண்ணி அடுக்கில் திரும்ப வைத்தாள்.

ஒருநாள் மாலை கொட்டகையிலிருந்து சர் சர்ரென்று சத்தம் வந்தது. உப்புத்தாள் சத்தம், எந்த அளவு நறநறப்பு என்றுகூட அவள் காது சொல்லிவிடும். அண்ணன் கீறலைச் சரிசெய்கிறான் என்று நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. அவன் கைகழுவப் போனதும் எட்டிப் பார்த்தாள். கீறல் அப்படியே இருந்தது. கதவில் இரண்டாவது வரி இல்லை. "எஞ்சின்: புகை" இருந்த இடம் வெளிறிய திட்டாகியிருந்தது. தரையில் கத்திரிக்காய் நிறத்தில் மெல்லிய தூள். அவள் மேசை மேல் கிடக்கும் அதே தூள்.

மறுநாள் ஆபீஸ் விட்டு நேராக டயர் கடைக்குப் போனாள். புகை ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்துவிட்டான். நிறத்துக்காகவா என்று இரண்டு தடவை கேட்டான்.

"கீறலுக்காக யாரும்மா பேச்சை நிறுத்துவாங்க? எஞ்சினுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்ததும் நான், கழட்டித் தூக்கி விட்டதும் நான். உங்கண்ணன் பக்கத்துலயே வரல, வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தான். அந்தக் கோவம் யார் மேலயாவது இறங்கணும்ல? உன் மேல இறக்க முடியுமா அவனால?"

குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, அண்ணனிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், தானாக ஆறிவிடும் என்றான். அவளுக்குத் திரும்பும் வழி முழுக்க, உன் மேல இறக்க முடியுமா என்று அவன் கேட்டதுதான் ஓடியது. அண்ணனுக்காகச் செய்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்தது, தன் மனசுக்கு ஒத்தடம் கொடுக்கத்தானோ? மன்னிப்பைக்கூட மூடி போட்ட பெட்டியில் அழகாகக் கொடுக்கலாம் என்று நினைத்தோமே. அவன் கோபப்பட இடமே வைக்கவில்லையே.

வீட்டுக்கு வந்ததும் காரை எடுத்தாள். ஒரு பக்கக் கண்ணாடி இன்னும் ஒட்டவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், அண்ணன் முன்னால் வைத்தாள்.

அவன் அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, விரல் நகத்தால் பானட்டைத் திறந்தான். உதடு அசைந்தது, ஒயர்களை எண்ணுகிறான் என்று தெரிந்தது. பின்சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தான்.

"சுத்தலியே."

"ஒட்டிட்டேண்ணா. இல்லேன்னா உயரம் சரியா நிக்காது."

"அப்ப இதுவும் ஓடாது."

"ஓடாது."

அவன் கண் கதவுக்கு வந்தது. இந்தப் பேரு இப்ப அங்க இல்லையே என்றான். நான் பார்த்தபோது இருந்தது என்றாள் அவள். கைக்குட்டையைப் பிரித்து, கிழிந்த பெயின்டை மேசையில் வைத்தாள்.

"கீறினது நான்தாண்ணா. கலருக்காக. அன்னிக்கே சொல்லியிருக்கணும். டீயைக் கையில வெச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன்."

அவன் அந்தத் துண்டை எடுத்துக் கதவின் மேல் வைத்துப் பார்த்தான். அவனுக்கும் எது எதென்று தெரியவில்லை. புகையிடம் சொன்னாயா என்று கேட்டான். சொன்னேன் என்றாள். என்ன சொன்னான் என்றான். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மறைத்தது போதும் என்று பட்டது.

"உனக்குக் கோவம் என் மேலதான், அதை அவர் மேல காட்டறியாம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உன் மேல எனக்கென்ன கோவம், டிகிரி."

"கொஞ்சமாவது இருக்கட்டும்ணா. இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்."

அவன் பானட்டை மூடினான். அது சரியாகப் படியவில்லை. மறுபடி அழுத்தினான்.

"இருந்துச்சு," என்றான். "கொஞ்சம்."

அது அவள் நினைத்ததை விட வலித்தது. ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை.

அண்ணன் எழுந்து, உன் பெயின்டையெல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று கொட்டகைக்கு நடந்தான். தார்ப்பாயை உருவி, விளக்கைப் போட்டான். அவள் கலந்து வைத்திருந்தது ஒரு சின்ன பாட்டில்தான். தேய்த்த திட்டைப் பூசினால் கீறலுக்கு மிஞ்சாது. கீறல் இருக்கட்டும், பேர் இருந்த இடத்தை முதலில் பார் என்றான் அவன். பூசி, அது காய்ந்தபின் வெள்ளையைத் தொட்டு அவள் எழுதத் தொடங்கினாள். எறும்புத்தலை அளவுக்குப் பழகிய கை. உள்ளங்கை அகலத்துக்கு எழுத வரவில்லை. "எஞ்சின்" ஏற்றத்தில் போயிற்று, "புகை" இறக்கத்தில் வந்தது. அழித்துவிட்டு எழுதட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். கோணல்னு அவனே வந்து சொல்லட்டும்."

அண்ணன் போனை எடுத்துக் காதில் வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி போட்டான். அவள் ஈரமான எழுத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நிஜக் காரின் பானட் மூடியே இருந்தது. அதைத் திறக்க அவனும் கை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.