வானவில் மீன்களை ஓடையில் கொட்டிய நாள்

எனக்குப் பத்து வயதானபோது, அப்பா சேரக் காத்திருந்த மீன்பிடிச் சங்கத்தின் முகத்தில் கரி பூசினேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

அப்பா மன்னார்க் கடலில் வலை இழுத்து வளர்ந்தவர். ஜெர்மனியில் பிராங்பேர்ட்டுக்கு வந்த பிறகு, ஒரு தூண்டில் போடவும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, மீனுக்கு எத்தனை செட்டை என்று ஜெர்மன் மொழியில் பாடமாக்கினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. பாஸ் பண்ணிய பிறகும், ஒரு வருடம் ஆளைப் பார்த்துத்தான் சங்கத்தில் சேர்ப்பார்களாம். அந்த வருடத்தின் கடைசி வேலை, ஒக்டோபரில் மலையடிவாரத்து ஓடையில் மீன் எண்ணுவது. அப்பா வாளி சுமந்தார். நான் கூடவே ஒட்டிக்கொண்டு போனேன்.

மின்சாரம் பாயும் கோலைத் தண்ணீருக்குள் விட, மயங்கி மிதந்த மீன்களை வலையால் அள்ளினார்கள். சிவப்புப் புள்ளி போட்டது உள்ளூர் ஃபொரெலே, குளிர் ஓடைகளில் வாழும் ஒரு மீன். முட்டையிடும் காலம் என்று சங்கத் தலைவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தித் திரும்ப விட்டார். விலாவில் இளஞ்சிவப்புக் கோடு ஓடியது வானவில் ஃபொரெலே. அதன் பாட்டன் பூட்டன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதாம். இது இந்த ஓடைக்கு உரியதல்ல என்றார். அப்படி ஐந்து மீன் அப்பாவின் தண்ணீர் வாளிக்குள் போயின, மத்தியானம் சுட்டுத் தின்ன.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒருத்தி என்னை உன் நாட்டுக்குப் போ என்றிருந்தாள். நான் பிறந்ததே பிராங்பேர்ட்டில். போதாததற்கு, கோடையில் அப்பாவோடு வந்து, தண்ணீர் வற்றியபோது இரண்டு வகை மீனும் பாலத்தடிக் குளிர் மடுவில் அருகருகே கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வாளியைக் கீழே வைத்த கையோடு அதை ஓடைக்குள் கவிழ்த்தேன். ஐந்து மீனும் போய்விட்டன. இவையும் இங்கேதான் பிறந்தவை என்று ஜெர்மன் மொழியில் கத்தினேன்.

தலைவரின் முகம் சிவந்தது. வாளி என் பொறுப்பு, பிழை என்னுடையது என்று அப்பா மன்னிப்புக் கேட்டார். அப்படியென்றால் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார் தலைவர். அப்பா தலையாட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் வெடித்தேன். "ஏனப்பா மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

"மாசி பங்குனியில வானவில் மீன் முட்டையிடக் கல்லைக் கிளறும், பிள்ளை. அதுக்குள்ளதான் உள்ளூர் மீன்ர குஞ்சு கிடக்கும், எல்லாம் அழிஞ்சுபோகும். மீனைப் பற்றி அவர் சொன்னது சரி."

"அப்ப நாங்கள்?"

"நாங்கள் மீன் இல்லை."

எனக்கு அது பயந்தவரின் சமாளிப்பாகவே பட்டது. ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அப்பா அடுத்த வருடம் ஒரு கூட்டம், ஒரு துப்புரவு வேலை விடாமல் போனார். ஒக்டோபரில் அதே வாளியோடு அதே தலைவருக்கு முன்னால் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள். அப்பா பணிந்துபோனார் என்றுதான் நினைத்தேன். பார்க்கலாம் என்று தள்ளிவைத்தவர்களின் கண்முன்னே ஒரு வருடம் முழுக்க அசையாமல் நிற்க எவ்வளவு திமிர் வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.