ரோசாலியின் இரண்டு கேள்விகள்

ஜெர்மனிக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே இதுவரை ஒருவர்கூட என்னை "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்டதில்லை. ஆரம்பத்தில், காலையில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் கீழ்வீட்டு ஹெர் பிராண்ட் "மோர்கன்" என்று ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தன் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொள்வார். ஒதியம்பட்டில் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தாங்கும்? எங்கள் தெருவில் எதிரில் வருபவரை எங்கே போகிறார் என்று கேட்காவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். ஆகவே, போன புதிதில் ஹெர் பிராண்ட் பெட்டியும் கையுமாக இறங்கியபோது நானே முந்திக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். நான்காம் நாள் அவர் நின்றார். "என் நடமாட்டத்தை எதற்காகக் கவனிக்கிறீர்கள்?" என்றார். அன்பாகத்தான் என்று சொன்னேன். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து என் காலடிச் சத்தம் கேட்டால், நான் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை அவர் கதவைத் திறப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்டில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான். கணினியின் இயங்குதளத்துக்கு அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். இடம் போதாவிட்டால் வந்தவரைக் காக்க வைத்துவிட்டு, பழையவரைக் காலி செய்யும். இந்தப் பாதையில் ஆங்காங்கே டிரேஸ்பாயிண்ட் வைப்பது என் வேலை. அந்த வழியாக யார் வந்தாலும் "இன்னார் வந்தார்" என்று ஒரு வரி பதிவாகும். வந்தவர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். கேட்க ஆளில்லாதபோது அந்தப் புள்ளி இருப்பதே தெரியாது.

புது கம்பெனியில் எங்கள் சர்வர்கள் அவ்வப்போது சில நொடிகள் கல்லாய்ச் சமைந்துவிடும். ஏனென்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ப்ரோபெட்சைட் என்ற சோதனைக்காலம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. மேலாளர் உல்ரிகே சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: காரணம் தெரிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம். வேலை போனால் பின்னாலேயே விசாவும் போகும். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில், நினைவகப் பாதையில் பதினான்கு இடங்களில் டிரேஸ்பாயிண்ட் வைத்து, கெர்னலைப் பராமரிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து இறங்கிய அன்று பதில் வந்தது. "இத்தனையையும் யார் படிப்பார்கள்? ஒருமுறை வைத்துவிட்டால் யாராவது அதை நம்பிப் பிழைப்பார்கள், பிறகு பிடுங்க முடியாது. உங்கள் கேள்விதான் என்ன?" என்று கேட்டிருந்தார், அந்தக் குழுவில் வரும் நிரல்களைச் சரிபார்க்கும் பரிசோதகர்.

கல்யாண வீட்டில் உட்கார இடமும் இல்லை, சிக்னலும் இல்லை. தெருமுனையில் ரோசாலியின் இஸ்திரி வண்டி பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ரோசாலி என்னோடு பத்தாவது வரை படித்தவள். தெருவை விட்டு வெளியே போகிற எவரையும், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னா, எங்க கெளம்பிட்ட?" என்பாள். திரும்பினால், "இன்னா, வந்துட்டியா?" என்பாள். கையிலுள்ள இஸ்திரிப் பெட்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

"இன்னாடா குமரா, கல்யாண வூட்ட வுட்டுட்டு பொட்டியத் தூக்கினு வந்து இங்க குந்திக்கினு இருக்க?" என்றாள். ஆபீஸ் வேலை என்றேன்.

அப்போது அப்பா வேகமாக வந்தார். வாழையிலை வாங்கப் போன ஏழுமலை மாமாவைக் காணவில்லையாம். பந்திக்கு ஆள் உட்கார்ந்தாயிற்று.

"ஒம்போது மணிக்கு வில்லியனூருன்னு சொல்லினு போனாரு. இன்னும் வரல" என்றாள் ரோசாலி.

"வழியில எங்கெங்க நின்னாரோ, யாரு கண்டா?" என்று அப்பா புலம்பினார்.

"அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு பெரிப்பா? இலை வாங்க அர மணி நேரம். இப்ப மணி பதினொண்ணு. மனுசன் எங்கியோ மாட்டிக்கினாரு. போயி இட்டுனு வாங்க."

மாமா வில்லியனூர் டீக்கடையில், யாருடைய நிலத்தகராறுக்கோ நடுவராக உட்கார்ந்திருந்தார். இலைக்கட்டு வெயிலில் வாடிக்கொண்டிருந்ததாம்.

நான் லேப்டாப்பைத் திறந்து பன்னிரண்டு டிரேஸ்பாயிண்ட்களை அழித்தேன். ஒரு நிரல் நினைவகத்துக்காகக் காத்திருக்கப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. போதும். நடுவில் ஆன நேரமே மீதிக் கதையைச் சொல்லிவிடும். கேள்வி இதுதான் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். தாலி கட்டிய மறுநாள் பரிசோதகர் ஏற்றுக்கொண்டார். அதற்குள் உல்ரிகே எங்கள் சர்வர்களில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டார். மாட்டிக்கொண்ட ஏழுமலை மாமா யாரென்றும் தெரிந்தது: எல்லாரும் நலமா என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்த எங்களுடைய கண்காணிப்பு நிரல். அதுதான் நினைவகத்தை விழுங்கி, தானும் நின்று, மற்றவர்களையும் நிறுத்தியிருக்கிறது. வேலை நிரந்தரம் என்று உல்ரிகே எழுதியிருந்தார். படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் நிரந்தரம் என்ற சொல்லை ஒதியம்பட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடாது.

கிளம்பும் நாளில், விமானத்துக்குப் போடவேண்டிய சட்டை ரோசாலியிடம் இருந்தது. கார் காத்திருந்தது. அவள் தலை நிமிராமல், "இன்னாடா, எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

"வூட்டுக்கு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

இஸ்திரிப் பெட்டி நின்றது. நான் பார்த்து அது நின்றது அன்றுதான். ரோசாலி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, பந்தல் இன்னும் பிரிக்காமல் நின்ற எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

"வூட்டுக்கா? அப்ப அது யாரு வூடுடா?"

கருகிய வாசனை வந்தது. "அய்யோ மாதாவே!" என்று அவள் பெட்டியைத் தூக்குவதற்குள் சட்டையின் இடது மார்பில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்துவிட்டது. அதையே போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

பிராங்க்பர்ட்டில் இறங்கி, ரயில் மாறி, என் கட்டடத்தை அடையும்போது சாயங்காலமாகிவிட்டது. என் டிரேஸ்பாயிண்டின் கணக்குப்படி, போனது பதிவாகி வந்தது பதிவாகாமல் இருந்தால் ஆள் எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறான். பெட்டியோடு படியேறினேன். ஹெர் பிராண்டின் கதவு லேசாகத் திறந்தது. "வந்துவிட்டீர்களா?" என்று ஒருவேளை கேட்பாரோ என, அந்தக் கருகிய சட்டையோடு ஒரு நிமிடம் நின்றேன்.

"ஆபெண்ட்" என்று மாலை வணக்கம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.