கூடையில் ஒரு சவல்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மல்வேர்ன் வீட்டுச் சோபாவில் குலசிங்கமும் மகள் கஜனியும் ஒரே ரப்லெற்றின் திரையில் ஒரு இணையக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அமிர்தநாதரின் பனி அள்ளும் சவல் உடைந்துவிட்டது. மனிதருக்கு முதுகு நோ. வளைந்த பிடி வைத்த சவல் ஒன்றை முதல் பனிக்கு முன்னமே வாங்கித் தருவதாகக் குலசிங்கம் சொல்லியிருந்தார்.

நீலப் பிடிச் சவலைக் கூடையில் போட்டார்கள். கஜனியின் விரல் வாங்கும் பொத்தானுக்குப் போனது.

"பொறு பிள்ளை. நாலரையாச்சு, ராகுகாலம். ஆறு மணிக்குப் பிறகு வாங்குவம்."

"சவலுக்குமா அப்பா?"

"பின்னை? இடுப்பு முறியிற வேலையெல்லோ."

அவளுக்குச் சிரிப்பு. அந்த இணையக் கடையில்தான் அவளுக்கு வேலை. வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை வைத்து, வாங்குவார்களா மாட்டார்களா என்று கணிக்கும் நிரலை எழுதியவள். அரை மணி நேரம் அசைவில்லையென்றால், ஆள் போய்விட்டார் என்று அது முடிவுகட்டும்.

"நீங்கள் வாங்கமாட்டியள் எண்டுதான் என்ரை மெசின் சொல்லும்."

"உன்ரை மெசினுக்குக் கலண்டர் பாக்கத் தெரியாது. ஆறு மணிக்கு எழுப்பிவிடு." சோபாவிலேயே சாய்ந்தார்.

ஆறு மணிக்கு எழுப்பினாள். அவர் எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனம் கலைந்த பிறகு, ஒரு காலை, பனி கொட்டத் தொடங்கியது. சத்தமே இல்லை. வீதியும் மரங்களும் வெள்ளையில் கரைந்துகொண்டிருந்தன. ரப்லெற் மினுங்கியது.

'உங்கள் கூடையில் ஒன்று காத்திருக்கிறது.'

வாங்காமல் போனவர்கள் என்று நிரல் கழித்துவிட்ட ஆட்களுக்குப் போகும் மடல். அவள் எழுதிய வரி. அப்பா எங்கும் போகவில்லை என்றே கஜனிக்குத் தோன்றியது. முடிவில்லாத ஒரு கடைக்குள், நீலப் பிடியைப் பிடித்தபடி, மணி ஆறாகட்டும் என்று நிற்கிறார்.

பொத்தானை அமத்தினால் கூடை வெறுமையாகிவிடும். அவர் கடைசியாக எடுத்து வைத்தது அதற்குள்தான் இருந்தது.

வெளியே சுரண்டும் சத்தம். அமிர்தநாதர், பாதிச் சவலோடு, குனிந்தபடி.

"பிள்ளை, உங்கடை படியையும் துப்பரவாக்கிவிடட்டே?"

"வேண்டாம் அங்கிள்! நான் வாறன்."

சுவரில் கலண்டரைப் பார்த்தாள். நல்ல நேரந்தான். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. சவல் இன்னும் கூடையிலேயே கிடந்தது.