ஷட்டிலுக்குப் பரிவட்டம்

ஈச்சங்குளம் ஆண்டிச்சாமிக்கு மூன்று ஏக்கர் பருத்திக்காடு இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கௌரவம் இருந்தது. காடு மழையைப் பார்த்துத்தான் விளையும். கௌரவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, முப்போகமும் விளைந்தது.

எண்பத்திரண்டில், மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஒரு ஷட்டில் ரயில் ஓடப்போகிறது, சின்ன ஊர்களிலும் நிற்கும் என்று செய்தி வந்தது. ரயிலுக்கு முன்பே மதுரை வந்து இறங்கிவிட்டது. புரோக்கர்கள் கடலைக்காட்டில் கல் ஊன்றி, ஏதாவது ஒரு நகர் என்று போர்டு வைத்தார்கள். ஆடு மேயும் பொட்டலுக்கு இரண்டாவது குறுக்குத்தெரு என்று பெயர். முதலாவது குறுக்குத்தெருவை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

ஆண்டிச்சாமியின் மகள் செல்லத்தாய்க்கு இந்த நகரெல்லாம் பொருட்டில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடமும் பிடித்திருந்தாள். ஊருக்கு வரும் ஒரே பஸ் மதுரை போய்ச் சேர்வதற்குள் அங்கே இரண்டு வகுப்பு முடிந்துவிடும். ஹாஸ்டலில் விட அப்பனுக்கு மனசு வரவில்லை.

"ரயிலு நம்மூர்ல நிக்கட்டும் தாயி, அன்னைக்கே ஏத்தி விடுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஈச்சங்குளத்துக்கும் பக்கத்து வாகைப்பட்டிக்கும் நடுவே மண் கொட்டி மேடை போட்டு, தகரக் கொட்டகையும் எழுப்பினார்கள். அப்போதுதான் கிளம்பியது வினை. முதல் நாள் எஞ்சின் டிரைவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டும் உரிமை எந்த ஊருக்கு? இரண்டு ஊருக்கும் பொதுவான அய்யனார் கோயிலில் இதே மரியாதைச் சண்டையால் பதினோரு வருஷமாகத் திருவிழா இல்லை. சாமியைப் பட்டினி போட்டது போதாதென்று ரயிலிடம் வந்தார்கள்.

"எஞ்சின் எங்க எல்லையிலதான்யா நிக்கும். பரிவட்டம் எங்களுக்குத்தான்" என்றார் வாகைப்பட்டித் தலைவர் கருப்பு.

"கார்டு பொட்டி எங்க எல்லையில நிக்குதுல்ல? அவரு கொடி காட்டாம ஒம்ம எஞ்சின் நகந்துருமாக்கும்?" என்று எகிறினார் ஆண்டிச்சாமி. ஊரே கைதட்டியது. அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆனி மாதம் ஷட்டில் வந்து நின்றது. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஈச்சங்குளம் ஏறியது, அந்தப் பக்கம் வாகைப்பட்டி ஏறியது. டிரைவர் தலையில் ஒரே நேரத்தில் இரண்டு பரிவட்டம் விழுந்தது. ஒன்று கண்ணை மறைத்தது. அதை அவிழ்ப்பதற்குள் கம்பு சுழன்றது, கல் பறந்தது, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. மனுஷன் குதித்துக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து ரயிலை எடுக்க ஒரு மணி நேரமானது.

அடுத்த வாரம் ரயில்வேக்காரர்கள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மைல் தள்ளி, ஊரே இல்லாத ஒரு முள்ளுக்காட்டில் ஸ்டேஷன் வைத்தார்கள். அங்கே மரியாதை கேட்க ஓணான்தான் இருந்தது.

"ரெண்டு மைலுதானப்பா, நடந்து போயிருவேன்" என்றாள் செல்லத்தாய்.

"முள்ளுக்காட்ல போயி ஏறவா? வாகைப்பட்டிக்காரன் சிரிப்பான்."

கல்லூரி திறந்தது. அவளுடைய இடம் வேறு யாருக்கோ போனது. மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

கார்த்திகையில் ஒரு காலை, அப்பனும் மகளும் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஷட்டில் கடந்து போனது. ஜன்னலோரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கருப்பின் மகள் ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். தினமும் விடிந்ததும் அவளைச் சைக்கிளில் வைத்து முள்ளுக்காட்டுக்கு மிதிக்கிறாராம் கருப்பு.

ஆண்டிச்சாமிக்கு வயிறு எரிந்தது. "மானங்கெட்ட பய. ரயிலு மட்டும் நம்மூர்ல நின்னிருந்தா, இந்நேரம் நீதான தாயி அதுல போவ!"

செல்லத்தாய் நிமிரவில்லை.

"நின்னிருந்தாலும் போயிருக்க மாட்டேம்ப்பா. எந்த ஊருப் பிள்ள மொதல்ல ஏறுறதுன்னு அதுக்கும் கம்பெடுத்திருப்பீக."

அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள்.