மார்பக எம்.ஆர்.ஐ.க்கு மதுரை: ஒரே வேலைக்கு இரண்டு முறை போன கதை

கோயில், அருவி என்று எழுதுகிற பக்கத்தில் ஸ்கேன் எடுக்கப் போன கதையா என்று கேட்காதீர்கள். பஸ் ஏறினால் எல்லாம் பயணம்தான். என் அம்மா நாற்பத்தாறு வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். எனக்கு நாற்பத்தொன்று. தை மாதம் எடுத்த மேமோகிராமில் படம் முழுக்க ஒரே வெள்ளை. "உங்களுக்குத் திசு அடர்த்தி, இதுல ஒன்னும் பிடிபடல. அம்மாவுக்கு இருந்ததால எம்.ஆர்.ஐ. பாத்துருவோம்" என்றார் டாக்டர். மாதவிலக்கு வந்த ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் எடுக்க வேண்டுமாம். பயந்துகொண்டு வீட்டில் கிடப்பதைவிடத் தெரிந்துகொள்வது மேல் என்று உடனே நாள் குறித்தேன்.

2008 மாசி, சிவராத்திரி முடிந்த செவ்வாய்க்கிழமை. துணைக்கு மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. உசிலம்பட்டியில் காலை 7.10 பஸ், மதுரைக்கு 38 கிலோமீட்டர், ஆளுக்கு 13 ரூபாய். நாகமலை புதுக்கோட்டையில் காலேஜ் பிள்ளைகள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி எட்டரை. நான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொல்லியிருந்ததால் டீக்கடைப் பக்கமே திரும்பவில்லை.

"தெப்பக்குளத்துக்கு எம்புட்டுண்ணே?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எம்பது ரூவா குடுங்கக்கா."

"எம்பதா? உசிலம்பட்டியிலருந்தே ரெண்டு பேரும் இருவத்தாறு ரூவாயில வந்துட்டோம்ணே!"

சிரித்துவிட்டார். அறுபதுக்கு வந்தார். ஸ்கேன் சென்டர் தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாடிக் கட்டடம்.

உள்ளே ஒரு நர்ஸ் படிவத்தை நிரப்பினார். கடைசியாக விலக்கு வந்த தேதி கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே மதினி, "போன புதங்கெழம. இன்னைக்கு ஏழாம் நாளு" என்றாள். கணக்கு சரிதான், ஆனால் விலக்குதான் வரவில்லை! வியாழக்கிழமை குலதெய்வம் கோயிலில் சிவராத்திரி, ஞாயிற்றுக்கிழமை அங்கேயே மதினியின் பேரனுக்குக் காதுகுத்து. அதற்காக மாத்திரை போட்டுத் தள்ளிவைத்திருந்தேன். நம் பக்கம் விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போதே இந்த மாத்திரையையும் வாங்கிவிடுகிறோமே, அதேதான். வாங்கி வந்ததும் மதினிதான். வரவேண்டிய நாளிலிருந்து எண்ணினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். மடத்தனம்.

உடை மாற்றி, மருந்து ஏற்றக் கையில் ஊசியும் குத்தியாயிற்று. அப்போது நர்ஸ், "ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்புட்டீங்களா?" என்றார். மதினி என் காதோரம் வந்தாள்.

"இல்லைன்னு சொல்லு. சாமி காரியத்த இங்க என்னத்துக்குச் சொல்லிக்கிட்டு? இன்னொரு நாளு யாரு அலையிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிருக்குப் பயந்து வந்த இடத்தில் எதற்கு மறைக்க வேண்டும்? "சாமிக்குத் தெரிஞ்சது இவங்களுக்கும் தெரியட்டும் மதினி" என்று சொல்லிவிட்டு, ஒன்றுவிடாமல் நர்ஸிடம் சொன்னேன்.

அவர் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து ஊசியை எடுத்தார். "நல்லவேள சொன்னீங்கக்கா. இப்ப எடுத்தா மார்பு பூராம் அங்கங்க பளிச்சுன்னு தெரியும். எது கட்டி, எது சும்மான்னு பிரிக்க முடியாது. விலக்கு வரட்டும், அதுலருந்து நாள எண்ணிட்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் மதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். செக்கானூரணி தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். "மாத்திர வாங்கிக் குடுத்த பாவி நாந்தான. ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா உன் பிள்ளைகளுக்கு என்னடி பதில் சொல்லுவேன்? மறுக்கா நானே கூட வாரேன்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே விலக்கு வந்தது. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, அதே பஸ்ஸில் போனோம். இந்த முறை குப்புறப் படுக்க வைத்தார்கள். மார்பு இரண்டும் தொங்குவதற்குப் பள்ளம் விட்ட பலகை. மெஷின் தகரக்கடை மாதிரி முப்பத்தைந்து நிமிடம் தட்டித் தீர்த்தது. மூச்சுவிடலாம், அசையத்தான் கூடாது. என்ன ஆனாலும் அசைவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

போகிறவர்களுக்கு: எனக்கு ஸ்கேன் மருந்தோடு சேர்த்து ஏழாயிரம் ஆனது. முன் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், யார் முறைத்தாலும் சொல்லிவிடுங்கள்.

வலது மார்பில் எட்டு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் தேடிப் பிடித்து, ஊசியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். அம்மாவுக்குக் கண்டுபிடித்தபோது எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, அக்குளுக்கும் பரவியிருந்தது. எனக்குப் பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினோரு நாள். வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை, அதனால் இவ்வளவையும் இடது கையின் ஒற்றை விரலால் அடித்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், நான் உயிரோடு இருக்கிறேன்.