மூன்று மரப் பொத்தான்கள்

மோர்கம் என்ற கடலோர ஊரில், கடற்கரைச் சாலை இடப்புறமாகத் திரும்பும் முனையில், ஒரு கீழ்த்தள வீட்டில் பெரில் கோர்ஸ்ட் தனியே வாழ்ந்துவந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டல் சலவையகத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். சலவையகத்தை மூடிய மறு ஆண்டே கணவரும் காலமானார். பிள்ளைகள் இல்லை. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போவதற்கு ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே, ஹெரன்கேட் சிறப்புப் பள்ளியின் வேனில் பிள்ளைகளுக்குத் துணையாகச் செல்லும் வேலையை ஏற்றார். ஓராண்டு பார்ப்போம் என்று போனவர் ஒன்பது ஆண்டுகள் போய்வந்தார்.

அவற்றில் ஆறு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவள் ஃப்ளோரா. நான்கு வயதில் ஏறியவளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. கைக்கு வந்தால்தான் அவளுக்கு உலகம் உண்டு. கரண்டியைக் கையில் வைத்தால் சாப்பாடு. ரப்பர் மிதவைத் துண்டை வைத்தால் நீச்சல் குளம். இருக்கைப் பட்டையிலிருந்து வெட்டிய ஒரு சாண் துண்டை வைத்தால் வேன். ஆட்களுக்கும் அதே முறைதான். வகுப்பாசிரியை ரூத்துக்கு இடக்கைக் கட்டைவிரலில் ஒரு முறுக்கு மோதிரம். அதைத் தடவினால் ரூத். வேறு எவரிடமும் இல்லாத ஒன்றை அணிந்துகொண்டு வரும்படி, ஃப்ளோரா வேனில் வரத் தொடங்கிய நாளில் ரூத் பெரிலிடம் சொன்னார். பெரில் தம் பழைய குளிர்கோட்டிலிருந்து மூன்று மரப் பொத்தான்களை வெட்டியெடுத்து, எலாஸ்டிக் கயிற்றில் கோத்து, வலக்கையில் அணிந்துகொண்டார்.

அதைப் பெரில் என்று அறிய ஃப்ளோராவுக்கு மூன்று மாதங்கள் ஆயின. அறிந்தபின் ஒரு நாளும் தவறியதில்லை. வீட்டு வாசலில் பெரில் மணிக்கட்டை நீட்டுவார். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்களைத் தொட்டு, மூன்றாவதில் தானே கடித்து உண்டாக்கிய விரிசலை நகத்தால் கீறிப் பார்த்து, பெரில் பூசியிருக்கும் லாவெண்டர் களிம்பை ஒருமுறை முகர்ந்துவிட்டு, அந்தக் கையோடு சேர்ந்து நடப்பாள். கடற்கரைச் சாலை முனையில் வேன் திரும்புவதற்கு ஒரு நொடி முன்னரே அவள் உடல் இடப்பக்கம் சாயும். ஓட்டுநர் கீத் கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

சனி, ஞாயிறுகளில் பெரிலின் கையை எவரும் தொடுவதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இந்த ஆண்டு முழங்கால் தேய்ந்துவிட்டது. வேன் படியில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் நெற்றி வியர்த்தது. ஈஸ்டர் விடுமுறையோடு வேலையை விட்டுவிடுவதாக அவரே எழுதிக் கொடுத்தார். அவருடைய இடத்துக்கு டோனா என்ற இளம்பெண் வந்து, கடைசி வாரம் முழுவதும் உடன் பயணம் செய்து பழகினாள். ரூத் அவளுக்கென ஒரு சுருள் ரப்பர் வளையத்தைத் தேர்ந்து கொடுத்திருந்தார். ஃப்ளோரா அதைத் தொட்டுவிட்டு, பொருட்படுத்தாமல் மீண்டும் பெரிலிடமே திரும்பினாள்.

அதுதான் பெரிலுக்கு அச்சமூட்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தபோது, வேறொருவர் கையைப் பிடிக்க மறுத்து, ஃப்ளோரா தன் மணிக்கட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். ஐந்து நாள்களும் அவள் பள்ளிக்குப் போகவில்லை. இனிமேல் வருவது ஐந்து நாள்கள் அல்லவே. அவள் வேனில் ஏற வேண்டும்; ஏறாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வீட்டின் நான்கு சுவர்கள்தாம். பெரில் இரவும் பகலும் இதையே நினைத்தார். புதன்கிழமை மாலை வேனிலிருந்து இறங்கும்போது தம் பொத்தான் வளையத்தைக் கழற்றி டோனாவின் கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில இதைப் போட்டுக்கிட்டு நீயே கையை நீட்டு. நான் முன்னாடி கீத் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

டோனா தயங்கினாள். "ரூத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட வேணாமா, பெரில்?"

"அவங்களுக்கு ஆயிரம் வேலை. வகுப்புல வச்சிருக்கற கோழிமுட்டை வேற பொரியப்போகுது, பிள்ளைங்களோட ஈஸ்டர் தொப்பி ஊர்வலம் வேற இருக்கு. இதுக்கெல்லாம் போய் அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வியாழக்கிழமை காலை கீத் வேனை நிறுத்தியதும், பெரில் முன்னிருக்கையில் ஏறுவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "என்ன மகாராணி, இன்னிக்கு முதல் வகுப்பா? டிக்கெட் எடுத்தாச்சா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுப்பா."

அன்று அவர் லாவெண்டர் களிம்பைக்கூடப் பூசவில்லை. வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தார்.

ஃப்ளோரா வீட்டு வாசலில் டோனா மணிக்கட்டை நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரிசலை நகம் கீறியது. பிறகு அந்தச் சிறு கை பொத்தான்களைத் தாண்டி விரல்களுக்குப் போயிற்று. நீண்ட நகங்கள், தெரியாத மோதிரம். முகர்ந்தாள். மீண்டும் பொத்தான்களுக்கு வந்தாள். மீண்டும் விரல்களுக்குப் போனாள். நான்கு முறை அப்படிப் போய்வந்தாள். பிறகு இரண்டு கைகளையும் இழுத்துத் தன் அக்குள்களில் செருகிக்கொண்டாள்.

அழவில்லை, கடித்துக்கொள்ளவில்லை. டோனா தோளை அணைத்து நடத்த, வேனிலும் ஏறிவிட்டாள். "பாத்தீங்களா, ஏறிட்டா," என்று கீத் முணுமுணுத்தார். பெரிலும் அப்படித்தான் நினைக்க விரும்பினார். ஆனால் கடற்கரை முனையில் வேன் திரும்பியபோது ஃப்ளோரா சாயவில்லை. மூட்டை சரிவதுபோல் ஒருபக்கம் சரிந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருந்த பெரில் திரும்பி அவளைப் பிடிக்கவில்லை. திட்டம் கெட்டுவிடும் என்று மடியிலேயே கைகளைக் கோத்துக்கொண்டார்.

மாலையில் பள்ளி வாசலுக்கு வேன் வந்தபோது ரூத் குளிரங்கிகூட அணியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்குக் காலையில வேன்ல என்ன நடந்துச்சு?" என்றார். "நாள் பூரா கையை வெளியில எடுக்கல. கரண்டியைத் தொடல. என் மோதிரத்தையும் தொடல. மூணு வாரமா தினமும் முட்டையைக் கன்னத்துல வச்சுக் காத்துக்கிட்டு இருந்தா. இன்னிக்கு ஆறு குஞ்சு பொரிஞ்சிருக்கு. ஒண்ணைக்கூடத் தொடல."

பெரில் ஒளிக்காமல் சொன்னார். ரூத் கோபப்படவில்லை, வேன் படியிலேயே அமர்ந்துவிட்டார்.

"பெரில், அது வெறும் வளையம் இல்ல. அது உங்க பேரு. உங்க பேரை இன்னொருத்தர் வந்து சொன்னா, அப்புறம் அவ எதைத்தான் நம்புவா? என் மோதிரமும் பொய்யா இருக்கலாமில்ல?"

"அவ ஏறணும்னுதான் ரூத்..."

"தெரியும். ஏறினா. ஆனா கையை வீட்டுலயே விட்டுட்டு வந்த மாதிரி வந்தா."

முற்றத்தில் பெரிய பிள்ளைகள் மறுநாள் ஊர்வலத்துக்கான தொப்பிகளில் காகித டாஃபடில் பூக்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பாதியைக் காற்று பிடுங்கிக்கொண்டிருந்தது.

"இதைச் சரிபண்ண முடியுமா?" என்று பெரில் கேட்டார்.

"முடியும். நாளைக்கு நீங்க நீங்களாவே வாங்க. சாயங்காலம் அவ கையாலேயே அந்த வளையத்தை முடிஞ்ச பெட்டியில போடணும்."

முடிந்த பெட்டி என்பது மூடிபோட்ட ஒரு தகரப் பெட்டி. நீச்சல் முடிந்தால் மிதவைத் துண்டு அதற்குள் போகும். சாப்பாடு முடிந்தால் கரண்டி. மூடியைப் பிள்ளையே மூட வேண்டும். மூடியபின் அந்தச் செயலை மறுபடி தொடங்குவதில்லை என்பது வகுப்பின் கண்டிப்பான வழக்கம்.

"ஆளுக்கும் அதேதானா?"

"ஆளுக்கும் அதேதான்."

"புதன்கிழமைகள்ல வந்து பிள்ளைங்களோட கொஞ்ச நேரம் இருக்கலாம்னு நினைச்சிருந்தேன்," என்றார் பெரில். இதையும் அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரூத் அவர் முகத்தைப் பார்த்தார். "மத்தப் பிள்ளைங்களுக்காக வாங்க, தாராளமா வாங்க. ஆனா அவ பக்கத்துல வேணாம். இன்னிக்கு இருந்து, அடுத்த மாசம் இல்லாமப் போயி, திரும்ப ஒரு நாள் வந்து நின்னா அவ நம்பிக்கை இன்னும் உடைஞ்சிடும். முடிஞ்சதுன்னு சொன்னா அது முடிஞ்சதா இருக்கணும்."

மற்றப் பிள்ளைகளுக்காக வந்து, அவள் பக்கத்தில் போகாமல் இருக்கும் திடம் தமக்கு இல்லை என்பது பெரிலுக்குத் தெரியும். "சரி," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பெரில் களிம்பைப் பூசி, டோனாவிடமிருந்து திரும்ப வாங்கிய பொத்தான்களை அணிந்துகொண்டு போனார். ஃப்ளோரா அக்குள்களில் கைகளோடு வாசலில் நின்றாள். பெரில் அந்தப் படிக்கல்லில், தேய்ந்த முழங்காலின்மீதே மண்டியிட்டு, மணிக்கட்டை அவள் முழங்கையருகே சாய்த்து வைத்துக் காத்திருந்தார். பிடித்து இழுக்கவில்லை. அவளுடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் கீத் என்ஜினை அணைத்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு கை வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. விரிசல். பிறகு விரல்கள், நகங்கள், புறங்கையின் சுருக்கம். முகர்ந்தாள். முகர்ந்தவள் அந்தக் கையின்மீது ஓங்கி ஓர் அடி அடித்தாள். இன்னும் ஓர் அடி. பெரில் கையை எடுக்கவில்லை. அடித்த கையே பிறகு பொத்தான்களை இறுகப் பற்றிக்கொண்டது.

"நல்லா வாங்கிக்கிட்டீங்களா?" என்றார் கீத், அவரைக் கைகொடுத்துத் தூக்கியபடி.

"வாங்க வேண்டியதுதான்."

அன்று பள்ளியிலேயே இருந்துவிட்ட பெரில் ஊர்வலத்தில் தொப்பி அணியவில்லை. அணிய இரண்டு கைகள் வேண்டுமே. ஒரு கை முழுநாளும் ஃப்ளோராவிடம் இருந்தது. வகுப்பில் ரூத் ஒரு குஞ்சைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். ஃப்ளோரா இடக்கையால் பொத்தான்களைப் பிடித்தவாறே வலக்கையின் ஒரே விரலால் அதன் முதுகைத் தொட்டாள், அது துடித்தது, விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள். இடையில் டோனாவின் சுருள் வளையம் அருகே வந்தது. அதையும் தொட்டாள். இம்முறை சற்று நேரம் வைத்திருந்தாள்.

மாலையில் பெட்டி வேனுக்கு வந்தது. ஃப்ளோரா வீட்டு வாசலில் வேன் நின்றதும், இருக்கைகளுக்கு நடுவே, பெரில் வளையத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். இருவர் கைகளும் சேர்ந்தே அதைப் பெட்டிக்குள் கொண்டுபோயின. பொத்தான்கள் தகரத்தில் விழுந்து ஒலித்தன; வேனில் அதைக் கேட்க முடியாதவள் அவள் ஒருத்தி. அவள் கையைத் திரும்பக் கொண்டுவந்து பெரிலின் வெறும் மணிக்கட்டைத் தடவினாள். எலாஸ்டிக் அழுத்திய தழும்பு வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பெட்டிக்குள் கையைவிட்டு மூன்றையும் எண்ணினாள். மூடியை அவளேதான் மூடினாள். டோனா கையை நீட்டினாள். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

கீத் பெரிலை அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "திங்கட்கிழமைகள்ல இந்த முனையைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடிக்கறேன், மகாராணி."

"வேணாம்பா. பக்கத்து வீட்டுக்காரர் தூங்குவார்."

விடுமுறையின் இரண்டாம் வாரம் பள்ளியின் இளவேனில் செய்திமடல் தபாலில் வந்தது. ஆறு குஞ்சுகளும் நலம். தொப்பிப் போட்டியில் யாருக்கும் முதல் பரிசு இல்லை, எல்லாருக்கும் சாக்லேட் முட்டை. நால்வர் நீச்சல் பதக்கம் பெற்றனர். கடைசிப் பக்கத்தில், ஒன்பது ஆண்டுகள் துணை வந்த பெரில் கோர்ஸ்ட் அவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. குஞ்சைத் தொடும் ஃப்ளோராவின் படத்தின் ஓரத்தில் ஒரு மணிக்கட்டும் மூன்று பொத்தான்களும் தெரிந்தன. பெரில் அதைப் படித்துவிட்டு, மடித்து, மீண்டும் பிரித்துப் படித்தார்.

பள்ளி திறந்த திங்கட்கிழமை, எழுந்து போக வேண்டிய இடமில்லாதபோதும் ஆறரைக்கே விழித்துக்கொண்டார். எட்டு மணி பத்து நிமிடத்துக்குச் சன்னலருகே நின்றார். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. வேன் வந்தது. முனையில் அது திரும்புவதற்கு ஒரு நொடி முன்னர், கண்ணாடிக்குள் ஒரு சிறு தலை இடப்பக்கம் சாய்ந்தது. கைகள் எங்கே இருந்தன என்பதைக் கண்ணாடியின் விளிம்பு மறைத்தது. ஆனால் அக்குள்களில் இல்லை. தோள்கள் தளர்ந்திருந்தன.

கீத் ஹார்ன் அடிக்கவில்லை. பெரில் கையசைக்கவில்லை, அசைத்து என்ன பயன்? வேன் போனபின்னும் சற்று நேரம் அங்கேயே நின்றார். வலக்கையில் பூசிய லாவெண்டர் களிம்பு இன்னும் காயாமல் இருந்தது.